மாறிப்போன ரொட்டிப் பலகை

என் பிள்ளைங்களோட அப்பாவுக்கு சலாம்.

இங்க எல்லாரும் சுகம். கழுதைக்கு மட்டும் இருமல். அதுவும் உங்களை மாதிரியே மருந்து குடிக்க மாட்டேங்குது.

காசாபிளாங்காவுல பகல் பூரா செங்கல் சுமந்துட்டு, நம்ம வீட்டுக் கூரைச் செலவுக்காக ராத்திரிக் காவலும் இருக்கப் போறேன்னு சொல்லியிருந்தீங்க. அதுக்கு வர்றேன். முதல்ல இதைக் கேளுங்க.

போன மாசம் ஒருநாள் பள்ளிக்கூடத்தைக் கூட்டி முடிக்க நேரமாயிடுச்சு. காலையில சுடக் குடுத்த ரொட்டியை எடுக்க ஊர்ப் பொது அடுப்புக்கு ஓடினேன். அவசரத்துல நம்ம ரொட்டிப் பலகையை விட்டுட்டு, தபால்காரர் வீட்டுப் பலகையைத் தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு மேலயும் ஒரே மாதிரி பச்சைக் கோடு போட்ட துணி. சாயங்காலம் தபால்காரர் சம்சாரம் யாமினா வந்தா. சண்டைக்குத்தான்னு நெனச்சேன்.

"ஏண்டி, இந்த ரொட்டியை இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தே? என் மாமியாரே இன்னொரு துண்டு கேட்டுச்சு. நாளையிலேருந்து எங்களுக்கும் சேத்துப் போடு, காசு தர்றேன்"னா.

இப்போ ஒம்பது வீட்டுக்குப் போடுறேன். அண்ணி ரொட்டி விக்கிறாளேன்னு உங்க தம்பிக்குக் கோவம். ஆனா தெனம் ரெண்டு ரொட்டி எடுத்துட்டுத்தான் போறார். அடுப்புக்காரர் மோஹா, "உன் வீட்டுக்காரர் வந்தா திட்டுவாரே"ன்னார். "முதல்ல சாப்பிடுவார், அப்புறம் திட்டட்டும்"னேன்.

கூரைச் செலவுக்கு இந்த ரொட்டிக் காசு போதும். அதனால காவல் வேலை வேண்டாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. போன பெருநாளைக்கு வந்தப்போ, தட்டு முன்னாடியே தூங்கிட்டீங்க. நீங்க முழிப்பீங்கன்னு பிள்ளைங்க பக்கத்துலயே உக்காந்திருந்துச்சுங்க. இந்தத் தடவை தூங்கி எழுந்த முகத்தோட வாங்க.

உங்க வீட்டுக்காரி