பூசாத சுவரும் சோலைவரியும்

இன்று காலை மாநகர சபையிலிருந்து வீட்டுக்கான சோலைவரித் துண்டு வந்தது. நீங்கள் கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. அதில் இன்னமும் உங்கள் பெயர்தான். தொகையைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கல்லடியில் இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் பயந்த வரி, கூடத்தான் கூடியிருக்கிறது.

கூரை போட்டுக் குடிபுகுந்தோம். சுவரைப் பூச மட்டும் விடவில்லை. “இஞ்ச புள்ள, பூசி மினுக்கினா வரிக்காரன் கண்ணுல படும். உள்ளுக்க சோறு கறி இருந்தாக் காணும்” என்பீர்கள். வீட்டை மதிப்பிட ஆள் வரும் நாளில் முற்றம் கூட்டவும் விடமாட்டீர்கள். வந்தவர்கள் உட்காரும் நல்ல கதிரைகளை அடுக்களைக்குள் ஒளித்துவிட்டு, இடுப்பில் கிழிந்த சாரத்தோடு வாசலில் நிற்பீர்கள். அவர் போனபின் உங்களுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகத்தான் போகும். மகளைப் பார்க்கத் தன்னாமுனையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய், கல் தெரியும் சுவரைத் தடவிப் பார்த்தார். “புள்ளையில ஒரு குறையும் இல்ல. வீட்டைப் பூசிப்போட்டுச் சொல்லியனுப்புங்க” என்றார். அவர்கள் வாசல் படலையைத் தாண்டக்கூட இல்லை, நீங்கள் கத்தினீர்கள்: “அவங்கட கண்ணுக்காக நான் காலம் பூரா வரி கட்டுறதா?” உள்ளறையில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. அவள் இப்போது செங்கலடியில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள்.

துண்டோடு சபைக்குப் போய், “தம்பி, வீடு இன்னும் பூசவே இல்லையே” என்றேன். “வீட்டை மட்டும் பாத்தா வரி போடுறது, அம்மா? உங்கட ரோட்டுல முழுக்க ஹோட்டல் வந்திட்டு. அந்த இடத்துக்கு இதுதான்” என்றான் வரி மேசையில் இருந்த பொடியன். போன கிழமை காணி பார்க்க வந்த கொழும்புக்காரரும் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கடல் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார். “வீடு எங்களுக்குத் தேவையில்லை, இடிக்கத்தான் போறம்” என்றார். பூசினாலும் பூசாவிட்டாலும் அவருக்கு ஒரே விலை. இத்தனை வருஷமாக எதைக் காப்பாற்றினீர்கள், சொல்லுங்கள்?

விற்கவா என்று மகளிடம் போனில் கேட்டேன். “வித்துப்போடுங்க அம்மா. அப்பாட பிடிவாதத்த இடிக்க ஒராள் காசு தாறாரெண்டா, ஏன் யோசிக்கிறீங்க?” என்றாள்.

நானும் உங்களைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. தன்னாமுனைக்காரர் போன மறுகிழமை, மகள் தன் முதல் சம்பளத்தை வைத்துக்கொண்டு சுவர் பூச ஒரு மேசனுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். அவர் வந்த நேரம் நீங்கள் வீட்டில் இல்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று, “அவருக்கு விருப்பமில்ல” என்று படலையிலேயே அவரைத் திருப்பி அனுப்பியவள் நான். நீங்கள்தான் விரட்டினீர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றோடு உங்கள் முகம் பார்த்துப் பேசுவதை விட்டாள்.

“இவள் ஏன் புள்ள என்னோட கதைக்கிறாளில்ல?” என்று கண்மூடும் வரை என்னிடம் கேட்டீர்கள். தெரியாது என்றேன்.