இரண்டு வரியிலும் ஒரே விலாசம்

எத்தாளை,
08.01.2025

ஜனாப் ரஸாக் அவர்களுக்கு,

பன்னிரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். உங்கள் தொலைபேசி இலக்கத்தை அப்போதே அழித்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று என் மகள் அமானிக்கு முந்தல் இறால் கொம்பனியிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தரக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர் வேலை, 29ஆம் திகதி. கடிதத்தின் அடியில் உதவி முகாமையாளர் என்று உங்கள் கையொப்பம். ஐஸ் அறைப் பதிவேட்டில் என் கையொப்பத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் அதைப் பார்த்தவன் நான்.

2013இல் மேற்பார்வையாளர் பதவிக்கு நாம் இருவரும் ஒரே நாளில் பேட்டிக்குப் போனோம். முதலில் நீங்கள், பிறகு நான். ஜப்பானுக்குப் போகும் பெட்டி என்ன குளிரில் இருக்க வேண்டும் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: "மன்னாருக்குத் திரும்பிப் போற யோசனையா?" தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு வந்தவன் நான். மன்னாரில், எங்கள் ஊர் எருக்கலம்பிட்டியில், வாப்பாவின் காணியைத் துப்புரவாக்கப் போய்வந்தது உங்களுக்கு மட்டுமே தெரியும். பதவி உங்களுக்குக் கிடைத்தது. எனக்கு அகதி என்ற பெயர் மிஞ்சியது. மறு மாதமே வேலையை விட்டேன். இப்போது மிளகாய்த் தோட்டம்.

என் மகளையும் அதே கதிரையில் இருத்தி அதையே கேட்பீர்களா? அதை மட்டும் அறிய வேண்டும்.

இப்படிக்கு,
எம். ஐ. முபாறக்

முந்தல்,
14.01.2025

அன்பின் முபாறக்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ ஸலாம் எழுதவில்லை. இரண்டு பேருக்குமாக நானே சொல்கிறேன்.

ஓம், நான்தான். அன்று என் பேட்டி முடிந்து எழும்பும்போது பெரிய முகாமையாளர் சும்மா கதை கேட்பதுபோல், "முபாறக் லீவு போட்டு மன்னார்ப் பக்கம் போறாராமே?" என்றார். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று கதவைத் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் போய்ச் சரிப்படுத்தியிருக்கலாம். போகவில்லை. எனக்கும் அந்தப் பதவி வேண்டியிருந்தது.

இப்போது பேட்டி எடுக்கும் மூன்று பேரில் நானும் ஒருவன். பழைய ஊழியரின் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. தகப்பன் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தால் போதும். அனுப்பு, கோப்பில் நானே வைக்கிறேன். நான் செய்ததற்கு அது ஈடில்லை என்று தெரியும்.

என் மனைவி ஜெய்னம்பு புத்தளம் சந்தையில் விசாரித்தாளாம். "முபாறக் நானாட கொச்சிக்காய் நல்ல உறைப்பாம். ஆனா அவர்ர கோவத்துக்குக் கிட்டவும் வராதாம்" என்கிறாள்.

உன்,
ரஸாக்

எத்தாளை,
20.01.2025

மச்சான் ரஸாக்,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ பொய் சொல்லி நழுவியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். என் கோபமாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.

சிபாரிசு எழுதத் தாளும் எடுத்தேன். அமானி கண்டுவிட்டாள். "வாப்பா, உங்கட கையெழுத்தால வேல கிடைச்சா நான் போக மாட்டன். இப்பவே சொல்லிட்டன்." எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பதிலாக, கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரை போட்டு நானே பேட்டி எடுத்துப் பழக்கினேன். அவளுடைய விண்ணப்பத்தின் பிரதியை அப்போதுதான் பார்த்தேன். தற்காலிக விலாசம், நிரந்தர விலாசம் என்று இரண்டு வரி. முப்பத்துநாலு வருடமாக எந்தப் படிவமானாலும் இரண்டாவது வரியில் எருக்கலம்பிட்டி என்றே எழுதி வந்தவன் நான். அவள் இரண்டிலும் எத்தாளை என்று எழுதியிருந்தாள். அந்தச் சூட்டில் அந்தப் பாழாய்ப்போன கேள்வியை நானே கேட்டேன்.

"மன்னாருக்குத் திரும்பிப் போற யோசனையா?"

"வந்தவங்கதானே திரும்பிப் போறது. நான் எங்கயிருந்தும் வரல்லியே. இஞ்சதானே பொறந்தன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா, நீங்க பேட்டி எடுக்கிறீங்களா, பழி தீர்க்கிறீங்களா?" என்றாள். அவளுடைய உம்மா குசினிக்குள் சிரித்த சிரிப்பு முந்தல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று நான் ஒரு பதிலும் சொல்லாமல் எழும்பி வந்தவன் மச்சான். நீ சொன்ன ஒரு சொல்லை மட்டும் இவ்வளவு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் சொல்லாமல் விட்டதை எண்ணவில்லை.

ஒரேயொரு உதவி செய். அந்தக் கேள்வியை அவளிடம் கேள். மற்ற இருவரும் கேட்காவிட்டால் நீயே கேள். அந்த அறை அந்தப் பதிலை ஒருமுறை கேட்கட்டும். வேலையை மட்டும், இறாலைப் பற்றி அவள் என்ன சொல்கிறாள் என்பதை வைத்தே தீர்மானியுங்கள். கிடைக்காவிட்டாலும் நான் இன்னொரு பன்னிரண்டு வருடம் முகத்தைத் திருப்ப மாட்டேன்.

முடிவு வந்த பிறகு, எதுவானாலும், ஜெய்னம்புவையும் கூட்டிக்கொண்டு வா. எது அதிக உறைப்பு என்று அவளே சொல்லட்டும்.

அந்தக் கொம்பனியில் பெயர் உள்ள எந்தத் தாளும் கோப்புக்குப் போய்விடும். பெயர் போட்டால் இதுவும் சிபாரிசாகிவிடும். என் எழுத்தை உனக்குத் தெரியும். கையொப்பம் வைக்காமலே தபாலில் போடுகிறேன்.