என் கணவரைத் தொடலாமா என்று தெரிவிக்க வேண்டி

அனுப்புநர்:
பா. ரஞ்சனி, க/பெ பாலகுமார்,
எஸ்டேட் லைன், ஜெகதளா, குன்னூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: அணுமின் நிலையக் கசிவில் நனைந்த தொழிலாளர்களுக்குக் கதிர்வீச்சுப் பரிசோதனை செய்யவும், அங்கு மீண்டும் ஆள் இறக்குவதைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். என் கணவர் கடலோர அணுமின் நிலையம் ஒன்றில் காண்டிராக்ட் தொழிலாளி. நிலையத்தின் விவரம் தனியே இணைத்துள்ளேன்.

1. சென்ற வாரம் அவரும் பக்கத்து லைன் விஜயனும் அங்கே சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு வால்வு பிய்த்துக்கொண்டு அணு உலைத் தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. குளிக்க வைத்து, மார்பில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். அதில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டதற்கு, "வெறும் தண்ணிதானுங்க, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று மேஸ்திரி பஸ் ஏற்றிவிட்டார்.

2. ஊருக்கு வந்த என் கணவர் வீட்டுப் படி ஏறவில்லை. மழையில் நின்றபடியே, "கிட்ட வராத ரஞ்சனி, பாப்பாவப் புடிச்சுக்க" என்றார். அதற்குள் எங்கள் மகள் மனிஷா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அலறிய அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழந்தையை உதறிவிட்டு விறகுக் கொட்டகைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். சோற்றை வாசலில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுக்கிறார். அப்பாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று பிள்ளை கேட்கிறாள்.

3. இங்குள்ள மருத்துவர் கனிவாகப் பேசினார். ஆனால் கதிர்வீச்சைச் சோதிக்கும் கருவி தம்மிடம் இல்லை என்றார்.

4. நேற்று டிவியில், உலை மறுபடி ஓடுகிறது, கசிவால் யாருக்கும் பாதிப்பில்லை என்றார்கள். ஐயா, எங்களை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. பிறகு எப்படிச் சொன்னார்கள்? சற்று நேரத்தில் மேஸ்திரி என் கணவருக்குப் போன் செய்தார். "அதே வால்வு மறுபடி ஒழுகுது. பழகின ஆளுங்க நீங்க ரெண்டு பேரும் கெளம்பி வாங்க" என்றார். என் கணவர் போகவில்லை. வீட்டு நிலைமையால் விஜயன் இன்று காலை மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டார். அவர் மனைவி அன்னக்கிளியும் என்னோடு வந்து இதில் கையெழுத்திடுகிறார்.

ஆகவே, இருவருக்கும் உரிய இடத்தில் பரிசோதனை செய்து, என்ன முடிவு வந்தாலும் மறைக்காமல் எங்களிடம் சொல்லச் செய்யுங்கள். கெட்ட செய்தியானாலும் கேட்டுக்கொள்வேன்; ஒன்றும் தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நிலையத்துக்கு இன்றே ஒரு போன் செய்யுங்கள் ஐயா. விஜயன் இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். அவரை உள்ளே இறக்க விடாதீர்கள்.

இடம்: ஜெகதளா
நாள்: 14.08.2025

இப்படிக்கு,
பா. ரஞ்சனி
வி. அன்னக்கிளி