ஒற்றைப் பூச்சு

ரோட்டர்டாம்
9 பிப்ரவரி 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் சுகம்தானே? இங்கே குளிரில் காது கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது.

இந்த வருடம் கல்லறைத் திருநாளான செங் பெங்குக்கு ஊருக்கு வருகிறேன். அப்பா கல்லறையைக் கழுவி, எழுத்துகளுக்குச் சிவப்புப் பூச நானும் மலையேறுவேன். மெல்லிய தாளும் மையும் கொண்டுவருகிறேன், கல்லிலுள்ள பெயர்களைப் படியெடுக்க வேண்டும். ஜூனில் கண்காட்சி. கடல் தாண்டிய சீனக் குடும்பங்களைப் பற்றியது. வேறொன்றுமில்லை.

உங்கள் தங்கை,
சியூ லான்

புக்கிட் மெர்தாஜாம், மலேசியா
20 பிப்ரவரி 2023

தங்கச்சிக்கு,

இருவரும் சுகம். 'வேறொன்றுமில்லை' என்று நீ எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. போன தடவையும் 'சும்மா ஒரு போட்டோ அண்ணா' என்றுதான் கேட்டாய். பிறகு பார்த்தால் உன் கண்காட்சியில் ஆளுயரப் பொம்மை. பனியனை வயிற்றுக்கு மேல் சுருட்டிவிட்டு, வாயில் பல்குச்சியோடு என்னை உட்கார வைத்து, 'சீன முதலாளி' என்று அட்டையும் மாட்டியிருந்தாய். டயர் மாற்ற வந்தவன் போனில் காட்டினான். "பாஸ், ஹாலந்துல உங்க தொப்பையை டிக்கெட் வாங்கிப் பாக்குறாங்களாமே" என்றான். கடையே சிரித்தது.

நம்மைக் கேலி செய்பவர்களைத்தான் கேலி செய்தேன் என்றாய். அவர்கள் என் தொப்பையைப் பார்த்துத்தானே சிரித்தார்கள்?

அப்பா கல்லில் பிள்ளைகள் வரிசையில் என் பெயரும் தம்பி பெயரும் இருக்கின்றன, உன் பெயர் இல்லை. அதைத்தான் அங்கே மாட்டப் போகிறாயா? 'மகளைக் கணக்கில் சேர்க்காத கூட்டம் இது' என்று காட்டவா? நேராகச் சொல்.

கெங் ஹுவாட்

ரோட்டர்டாம்
2 மார்ச் 2023

அன்புள்ள அண்ணா,

எதற்கெடுத்தாலும் சந்தேகமா? எழுத்தின் அழகுக்காக மட்டும்தான். அண்ணியிடம் வறுத்த பன்றிக்குச் சொல்லி வையுங்கள்.

சியூ லான்

ரோட்டர்டாம்
19 ஏப்ரல் 2023

அண்ணா,

பொய் சொன்னேன். பெயரில்லாத அந்த இடம்தான் என் படைப்பே. அதற்காகத்தான் வந்தேன்.

மலையில் தாளை விரித்து மை ஒற்றினால் மூன்றாவதாக என் பெயர் எழும்பி வருகிறது. நீங்கள் ஊதுவத்தி கொளுத்தத் திரும்பியபோது நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உங்கள் பெயரில் வருடத்துக்கு ஒன்றாக ஒன்பது பூச்சு இருக்கிறது. என் பெயரில் ஒன்றுதான்.

சந்தோஷப்பட வேண்டியவள் எரிச்சலில் இருக்கிறேன். எனக்காகச் செதுக்கினீர்களா, ஹாலந்துக்காரர்கள் பார்ப்பார்கள் என்றா?

சியூ லான்

புக்கிட் மெர்தாஜாம்
2 மே 2023

தங்கச்சிக்கு,

சுரண்டியதைப் பார்த்தேன். உன்னைத் தெரியாதா எனக்கு.

ஹாலந்துக்காரர்களுக்காகத்தான். 'எழுத்தின் அழகு' என்ற கடிதம் வந்த மறுநாளே ஆளைக் கூட்டிப்போனேன். கல் கொத்துகிறவர் கேட்டார்: "ஒம்போது வருஷமா இல்லாத பொண்ணு இப்ப எங்கேருந்து முளைச்சா?"

அப்பா கல்லுக்கு அன்று பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான். பெண் பெயர் போடுவது நம் வழக்கமில்லை என்று தம்பியிடம் சொன்னேன், அவனும் நம்பிவிட்டான். பக்கத்துக் கல்லிலேயே நாலு மகள்களின் பெயர் இருக்கிறது, நீயும் பார்த்திருப்பாய். கண்காட்சித் திறப்பு என்று நீ அப்பா சாவுக்கு வரவில்லை. பெட்டியை மூடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் உன் பெயரை விட்டேன். வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒன்பது வருடம் நிம்மதியாக இருந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

படியை மாட்டுவதானால் மாட்டு. கீழே சீனர் வழக்கம் என்று மட்டும் எழுதிவிடாதே. கெங் ஹுவாட்டின் கோபம் என்று எழுது.

மிச்சப் பெயின்டை இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அடுத்த செங் பெங்குக்கு வந்து இரண்டாவது பூச்சை நீயே பூசு. கேமரா வேண்டாம்.

அண்ணன்