பதினொரு மணிச் சாப்பாடு

6 பிப்ரவரி 2025, வியாழன்

மகள் மோனிகா சென்னையிலிருந்து போன் செய்தாள். பார்த்திபன் வீட்டில் கல்யாணம் பேச ஒத்துக்கொண்டார்களாம். ஒன்றரை வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த விஷயம். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. "எப்ப வர்றாங்க? கறி எடுக்கணும், வாடகைக்கு நாலு சேர் சொல்லணும்" என்றேன்.

"வீட்டுக்கு வேணாம்மா. சென்னையில பாத்துக்கலாம்னு சொல்றாங்க. அடுத்த வாரத்து ஞாயித்துக்கெழம, பிரஞ்சுக்கு."

பிரஞ்ச் என்றால் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், பதினொரு மணிக்குச் சாப்பிடுவதாம்.

பார்த்திபன் ஊர் தொண்டூருக்கு அந்தப் பக்கம். செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதை விட்டுவிட்டு இரண்டு வீட்டாரும் நூற்றைம்பது கிலோமீட்டர் போய்ச் சாப்பிட வேண்டுமாம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

8 பிப்ரவரி, சனி

மூன்று ஓட்டல்களின் படம் அனுப்பியிருக்கிறாள். ஒன்று கடற்கரையோரம். ஒன்று ஸ்டார் ஓட்டல், வேண்டியதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்றில் மரத்தடியில் மேஜை போட்டிருக்கிறார்கள். தட்டு நிறைய இலை தழை, நடுவில் ஒரு முட்டை. ஆட்டுக்கு வைத்தது மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ராஜாராம் ரிட்டயரான வாத்தியார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி மூன்றையும் பார்த்தார். "மரத்தடி நல்லாருக்குது" என்றார்.

"செஞ்சியில மரமே இல்லியா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றினார்.

செஞ்சி வேண்டாம், திண்டிவனம் வேண்டாம், விழுப்புரமும் வேண்டாம் என்று பார்த்திபனின் அப்பா சுந்தரமூர்த்தி சொன்னாராம். கோட்டை பார்க்க வருகிற வெள்ளைக்காரனே இங்கே பரோட்டா தின்றுவிட்டுத்தான் போகிறான்.

எனக்குத் தெரியாதா? அவர்கள் ஊர்த்தெரு. நான் காலனியில் பிறந்தவள். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக நடந்திருக்கிறேன். எத்தனை ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு விட்டிருப்பேன். என் கையிலிருந்து அவர்கள் வாய்க்குப் போகலாம் என்றிருந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

'மரத்தடி' என்று பதில் அனுப்பிவிட்டேன். மகள்தான் முக்கியம்.

சம்பந்தம் முடிவாகாமல் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். முடிவானதும் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தாம்பூலத்தைவிட அந்தச் சாப்பாடுதான் பேச்சு. "ஓட்டல்ல சாப்ட்டா அது கை நனைச்சதுல சேருமா?" என்று இவரைக் கேட்டேன். "காலம் மாறிடிச்சி பாரதி" என்றார். மாறியிருந்தால் நான் ஏன் ஓட்டல் படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

16 பிப்ரவரி, ஞாயிறு

போய் வந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. தலைக்குள் அதைவிட வீக்கம்.

விடிகாலை முதல் பஸ். கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மோனிகா காரில் கூட்டிக்கொண்டு போனாள். ஓட்டலில் மரம் உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. சுந்தரமூர்த்தி கஞ்சி போட்ட வேட்டியில் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோசை, கேக், கோழி, எல்லாம் வாங்கி ஒரு பிடி பிடித்தார். என் தட்டுக்குப் பக்கத்திலேயே அவர் தட்டு. நான் எடுத்த கரண்டியில்தான் அவரும் எடுத்தார். எனக்கு மனசு இளகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கன்னா தொந்தரவு இல்ல. நம்மள யாருக்குத் தெரியப் போவுது?"

கல்யாணமும் சென்னையிலேயே வைத்துக்கொள்ளலாமாம். ஊருக்குப் பத்திரிகை வேண்டாமாம்.

அவர் மனைவி குஞ்சம்மாள் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "வவுறு செரியில்ல நர்சம்மா" என்றாள். வயிறு சரியில்லாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? பசித்த முகம் அது. அவராவது ஓட்டலில் சாப்பிடுகிறார், இவள் அதற்கும் மேலே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொல்லிவிட்டேன். "நாங்க ஆக்கல, ஓட்டல்காரன்தான் ஆக்கனான். தைரியமா சாப்புடுங்க."

குஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்திபன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

17 பிப்ரவரி, திங்கள்

"கெடுத்துட்டியேம்மா" என்று போனில் அழுதாள் மோனிகா. நானும் கத்தினேன். எங்க வூட்ல ஒரு வாய் சோறு திங்காதவங்க வூட்டுக்கு எம்பொண்ணு எதுக்குப் போவணும்? வந்து கை நனைக்கட்டும், அப்பறம் கல்யாணம். இல்லன்னா நான் வரமாட்டேன், போ.

வைத்துவிட்டாள்.

21 பிப்ரவரி, வெள்ளி

போன் இல்லை.

24 பிப்ரவரி, திங்கள்

இன்றும் இல்லை. நான் செய்தால் எடுப்பதில்லை.

எத்தனை வீட்டு வாசலில் வெயிலில் நின்றபடி பிள்ளைகளை எடை போடத் தராசு மாட்டியிருக்கிறேன். காகிதக் கப்பில் டீ வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். அத்தனையும் விழுங்கியவளுக்கு மகள் விஷயத்தில்தானா ரோஷம் வர வேண்டும்? அல்லது மகள் விஷயத்திலாவது வரக் கூடாதா? இரண்டும் சரியாகத்தான் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது.

1 மார்ச், சனி

மோனிகாவிடமிருந்து மெசேஜ். "ஏப்ரல் கடைசில ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். வர்றதுன்னா வா."

'அம்மா' என்றுகூட அதில் இல்லை.

5 மார்ச், புதன்

வேலையில் இருந்திருந்தால் இன்று தடுப்பூசி நாள். பழக்கதோஷத்தில் சீக்கிரம் எழுந்து, வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவர் பேங்குக்குப் போயிருந்தார். கேட் சத்தம். வெளியே குஞ்சம்மாள், கையில் மஞ்சள் பை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"அவுருக்குத் தெரியாது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன்" என்றாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் நேரே சமையல்கட்டைப் பார்த்தாள். "பசிக்கிது. இருக்கறத போடுங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையில் வடித்த சோறும் நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பும்தான் இருந்தன. இட்லி ஊற்றுகிறேன் என்றேன். "குழம்பு வாசன வருதே, அதையே ஊத்துங்க" என்றாள். தரையில் உட்கார்ந்து இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னாள். "அன்னிக்கும் பசி உயிரு போச்சு நர்சம்மா. ஆனா அந்த மனுசன் எதுக்கு அவ்ளோ தூரம் இட்டுனு போனாருன்னு எனக்குத் தெரியும். ஓட்டல்ல தின்னுட்டு, கை நனைச்சாச்சுன்னு கதைய முடிச்சிட பாத்தாரு. நானும் தின்னுட்டா அப்பால உங்க வூட்டுக்கு வர்றதுக்கு இன்னா சாக்கு இருக்குது? நான் இன்னும் கை நனைக்கல, நனைக்காம சம்மந்தம் இல்லன்னு நேத்திகூட சண்ட போட்டேன்."

அப்போ நான் அங்கே சொன்னது? அத்தனை பேர் முன்னால்?

"தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க" என்றேன். "நெனைக்காம இன்னா. எங்க ஆளுங்க செஞ்சது அப்பிடி" என்றாள். தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

மணி பார்த்தேன். பதினொன்று இருபது.

6 மார்ச், வியாழன்

மோனிகா போனை எடுத்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு "அம்மா" என்றாள்.

23 மார்ச், ஞாயிறு

ஆறு பேருக்குச் சமைத்தேன். ஐந்து பேர்தான் சாப்பிட்டோம். சுந்தரமூர்த்தி வரவில்லை, கிணற்று மோட்டார் ரிப்பேராம். பார்த்திபன் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர் வாசலில் போட்ட ஆறாவது சேரை மடக்கி உள்ளே வைத்தார்.

பிள்ளைகள் இருவரும் சென்னைக்குக் கிளம்பிய பிறகு குஞ்சம்மாள் மட்டும் கொஞ்சம் இருந்தாள். "ஒரு டப்பா குடுங்க" என்றாள். சோறு ஒரு அடுக்கு, அவளுக்காக வைத்திருந்த கருவாட்டுக் குழம்பு ஒரு அடுக்கு என்று எடுப்புச் சாப்பாட்டுக் கேரியரில் அவளே போட்டுக்கொண்டாள். "அந்த மனுசன் தின்னா திங்கட்டும், இல்லன்னா நாய்க்கு வெக்கட்டும். என் கண்ணு முன்னால செய்யட்டும்."

நாய்க்கு என்ற வார்த்தை ராத்திரி வரை கூடவே இருக்கிறது.

26 மார்ச், புதன்

குஞ்சம்மாள் போன் செய்தாள். கேரியரைப் பதினொரு மணி டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாளாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்தேன். கனமாக இருந்தது. திறந்தால் இரண்டு அடுக்கிலும் வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், இன்னும் சூடு ஆறவில்லை. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று போட்டிருப்பாள்.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை. நானே போன் போட்டேன்.

"சோறு இன்னா ஆச்சி?"

"அத இன்னா கேக்கறீங்க" என்றாள் குஞ்சம்மாள். "கொழம்புல உப்பு கம்மின்னு ஒரே ரோதன உங்க சம்மந்தி."

உப்பு கம்மியாம். வயசானவர்களுக்குப் பிரஷர் ஏறக் கூடாது என்று அளந்து போடுகிற உப்பு அது. கூட வேண்டுமென்றால் போடலாம். ஆனால் இங்கே வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆறாவது சேரைத் துடைத்து வாசலிலேயே போட்டிருக்கிறேன்.