கார்டு முடியுது, டெல்ஃபின்

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கும் அதையே செய்தேன்.

சர்ச்சில் பூசை முடிந்து ஆர்ச்சர்ட் ரோட்டில் நார்மிட்டா அக்காவைப் பார்த்தேன். போன் கார்டு விஷயத்தில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடல் கடந்து இங்கே வீட்டுவேலைக்கு வந்திருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குக் கார்டு வாங்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "குதிரைப் படம் போட்டத வாங்காதடி மெர்லி. லைன் கெடைக்கவே பாதிய முழுங்கிடும். தங்கமீன் வாங்கு. ஆனா ஒரே மூச்சுல பேசி முடி. வெச்சு வெச்சு அடிச்சா தங்கமீனும் குதிரைதான்."

தங்கமீன் வாங்கினேன். ஷாப்பிங் மாலின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, கார்டைச் சுரண்டி, நம்பரை அழுத்தினேன். ஊரில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மாதா கோயிலுக்குப் பின்னால், மேட்டின் உச்சியில், பலாமரத்தடியில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே யாரோ ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். ஊரே அதைக் 'கால் சென்டர்' என்று கேலி செய்யும். ஞாயிறு காலை டெல்ஃபினும் மகள் ரியா மேயும் அங்கே வந்து காத்திருப்பார்கள்.

ரியா மே கடகடவென்று பேசினாள். கணக்கில் தேறிவிட்டாளாம். பள்ளி டான்ஸுக்குப் பச்சைப் பாவாடை வேண்டுமாம். பிறகு அப்பாவிடம் போனைக் கொடுத்தாள்.

"மெர்லி… அந்த… அந்த…"

போன ஜூனில் பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவனுக்கு ஒரு சொல் வருவதற்குள் ஒரு யுகம் ஆகிறது. எல்லாம் புரிகிறது, பேச்சுதான் வருவதில்லை. அந்தச் சொல்லுக்காக அவன் தொண்டைக்குள் முக்குகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் படபடவென்று வருகிறது. எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது. ஓடத்தான் செய்தேன்.

"கார்டு முடியுது, டெல்ஃபின். வெச்சிடறேன்."

முடியவில்லை. பாதிகூட முடியவில்லை. கார்டு உண்மையிலேயே முடியப்போகும்போது 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் கேட்டே மாதக்கணக்காகிறது.

பிறகு அக்காவோடு போய் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 4, புதன்

நான் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். எண்பது வயதைத் தாண்டிய கிழவர். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்துவார். நான் கரண்டியோடு காத்திருப்பேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "மெர்லி மாதிரிப் பொறுமைசாலி கிடைக்க மாட்டா" என்று மேடம் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காது கூசிப்போயிற்று.

சம்பளம் கொடுத்தால் பொறுமை வருமா உனக்கு? வெட்கங்கெட்டவளே.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும்.

பழைய கார்டிலேயே அடித்தேன். லைன் போவதற்கு முன்னால் இயந்திரப் பெண் மிச்சம் எத்தனை நிமிடம் என்று சொல்வாள் அல்லவா? போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். எண் காதில் விழாவிட்டால் பொய் கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று நினைப்பு போலிருக்கிறது.

"மெர்லி… அந்த…" அதே ஆரம்பம். மருந்துக்குப் பணம் கேட்கப்போகிறான், கூச்சப்படுகிறான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பணம்தான் மாதாமாதம் போகிறதே. "கார்டு முடியுது."

"ச… சரி" என்றான்.

மார்ச் 10, செவ்வாய்

துணி காயப்போடும்போது ரியாத் ஞாபகம் வந்தது. டெல்ஃபின் அங்கே வெல்டராக இருந்த ஏழு வருடமும் இதே மாதிரிக் கார்டுதான். ஊர்க் கடையில் ஒரு போன் இருந்தது. அதற்குத்தான் அவன் கூப்பிடுவான். கடைக்காரி ரேடியோவை அலறவிட்டிருப்பாள், பாதி காதில் விழாது. அப்போது அவன் எப்படிப் பேசுவான்! கேம்ப் சமையல்காரனைப் போலப் பேசிக் காட்டுவான், ஒட்டகத்தைப் போலக் கத்துவான், வாயே மூட மாட்டான். நான்தான் அழுவேன். அழ ஆரம்பித்தால் "கார்டு முடியுது மெர்லி" என்பான். பாவம், அங்கே கார்டு அவ்வளவு விலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்குச் செய்ததை எழுதவே கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

கார்டுச் செலவு அதிகமாகிறது என்று டெல்ஃபினிடம் சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பேச வேண்டாம். தினமும் காலையில் ஒரு மிஸ்கால், ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிட்டால் போதும். எல்லாரும் நலம் என்று புரிந்துகொள்வேன். யாருக்கும் காசு ஆகாது. விசேஷம் என்றால் மூன்று மணி அடிக்கட்டும், நான் உடனே கூப்பிடுகிறேன். நம் ஊரில் பாதிக் குடும்பம் இப்படித்தானே ஓடுகிறது? எல்லாம் நியாயமாகத்தான் சொன்னேன். குரல்கூடக் கனிவாக இருந்தது.

அந்தப் பக்கம் எங்கேயோ சேவல் கூவியது. "ச… ரி."

வைத்ததும் தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்துப் படியில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

நார்மிட்டா அக்காவிடம் சொன்னேன். "நல்ல முடிவுடி. வருஷத்துக்கு ஒரு பன்னிக்குட்டி வாங்கற காசு மிச்சம்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

மார்ச் 16, திங்கள்

மணி ஒன்று. நலம்.

மார்ச் 20, வெள்ளி

தினமும் வருகிறது. ரியா மே பள்ளிக்குப் போகிற வழியில் மேட்டில் ஏறி அடிக்கிறாள் போலிருக்கிறது. நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பதினோரு மணி ஆனால் கை பையைத் தேடுகிறது.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று மணி வரவில்லை. இன்று சாயங்காலம் போன் மூன்று தடவை மணி அடித்தது. சமையலறை அடுப்பை அணைத்தேன். பின்வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கார்டில் கூப்பிட்டேன். ரியா மேதான் எடுத்தாள்.

நேற்று காலை மேட்டுப்பாதையில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டாராம். எலும்பு ஒன்றும் முறியவில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது, படுத்திருக்கிறார்.

மேட்டுக்கு எதற்குப் போனார் என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன்.

"மிஸ்கால் குடுக்கத்தான். தினமும் அவர்தாம்மா போவார். கம்பை ஊனிக்கிட்டு. நான் போறேன்னு சொன்னா விடமாட்டார்."

அந்த மேட்டில் நல்ல காலோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கும். ஒரு மணி அடிப்பதற்காக! நான் இங்கே காபியைக் குடித்துக்கொண்டே பார்த்துவிட்டு வைத்த ஒரு மணி!

அவள் நிறுத்தவில்லை. சுகாதார நிலையத்தில் பேச்சுப் பயிற்சிக்குப் போவதையும் அப்பா நிறுத்திவிட்டாராம். தினமும் பேசிப் பழகாவிட்டால் வருகிற நாலு சொல்லும் போய்விடும் என்று பயிற்சி தரும் டீச்சர் அக்கா வீட்டுக்கே வந்து சொன்னாளாம். யாரிடம் பேச என்பது போல அப்பா கையை விரித்தாராம்.

"இதுக்கு முன்னாடி வாரம் பூரா ஒரே ஒரு வாக்கியத்தத்தான் சொல்லிப் பழகுவார். கோழிக்குத் தீனி போடும்போதுகூட. ஞாயித்துக்கெழம ஒங்கிட்ட சொல்றதுக்கு. என்னன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர். ஆரம்பிப்பார், நீ கார்டு முடிஞ்சுதுன்னு வெச்சிடுவ. வீட்டுக்கு வந்து மறுபடி மொதல்லேருந்து பழகுவார்."

பதின்மூன்று வயதுப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 25, புதன்

செருப்பால் அடித்த மாதிரி இருக்கிறது. அடித்தது யாரும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

புதுக் கார்டு வாங்கிக் கூப்பிட்டேன். ரியா மே மட்டும்தான் வந்திருந்தாள். அப்பா இப்போது நடக்கிறார், ஆனால் வர மாட்டேன் என்றாராம். மிஸ்கால் போதும் என்று காட்ட, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாராம்.

என் புத்தியை எனக்கே திருப்பித் தந்துவிட்டான்.

அப்பாவிடம் இதை அப்படியே சொல் என்றேன்: அடுத்த ஞாயிறு முழுக் கார்டோடு உட்காரப்போகிறேன். அவன் பேச வேண்டாம். வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். நான் வைக்க மாட்டேன்.

"சொல்றேன். ஆனா அம்மா, நீ நெஜமா வைக்காம இருப்பியா?"

என் மகள் கேட்கிற கேள்வி இது.

ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு

வந்தான்.

"பெஞ்சுல ஒக்காந்துட்டார்" என்று சொல்லிவிட்டு ரியா மே போனை அவனிடம் கொடுத்தாள். நான் ஹலோ என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. மரத்தில் காற்று. கோயிலில் குருத்தோலை மந்திரிக்கிற கூட்டத்தின் சத்தம். பழைய வழக்கம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பொத்திக்கொண்டேன்.

படிக்கட்டில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நார்மிட்டா அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"மெர்லி."

"இருக்கேன்."

"அந்த… அந்த…" முக்கினான். நின்றான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். சொல்லை நானே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று தவித்தேன். எந்தச் சொல் என்றுதான் எனக்குத் தெரியாதே. "அந்த… பீப்… மெர்லி. அந்த பீப்… எ… எனக்கும்… கேக்கும்."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று.

கார்டு முடியப்போகும்போது வருகிற சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கேட்கிறவர் பக்கமும் வரும். ஏழு வருடம் கார்டு போட்டுப் பேசியவனுக்கா அது தெரியாது? ஒவ்வொரு ஞாயிறும் நான் 'முடியுது' என்று சொல்லும்போது, வராத பீப்புக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, சரி என்று சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் கோழிகளிடம் பழகியிருக்கிறான்.

"தெரியுமா ஒனக்கு?" என்றேன். அழுகையில் குரல் என்னவோ மாதிரி வந்தது. அவன் சிரித்தான். கோணலான, மூக்கால் வருகிற சிரிப்பு. சிரிப்புக்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா? கேட்க வாயெடுத்தேன், 'பீப்' வந்துவிட்டது. இரண்டு பேரும் பேசாமல் அதைக் கேட்டோம். "இ… இது… நெசம்" என்றான். லைன் போயிற்று.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஊருக்குப் பேசும்போது எத்தனை தடவை 'கார்டு முடியுது' என்று சொல்லியிருக்கிறாளோ.

ஏப்ரல் 7, செவ்வாய்

கிழவருக்குக் கஞ்சி ஊட்டும்போது கண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. பார்த்தார். வாயைத் திறந்து அடுத்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

விடுமுறை. கோயிலுக்கு வந்தவர்கள் பெஞ்சில் இருப்பார்கள் என்று கூப்பிட்டேன். பேச்சுப் பயிற்சிக்குத் திரும்பப் போகிறானாம், ரியா மே சொன்னாள். மிஸ்கால் இனி அவள் வேலை, அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மேடேற வேண்டும் என்று சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பிறகு அவனிடம் கேட்டேன். ரியாத்தில் நான் அழும்போதெல்லாம் கார்டு முடிந்ததே, அப்போது பீப் வந்ததா? ரேடியோ சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை வாயால் அல்ல, கள்ளத்தனத்தால் என்று தோன்றியது.

"செ… செல நாள்… வந்துச்சு."

"மத்த நாள்?"

"நீ… அழுதா… தாங்கல, மெர்லி."

ஆக, ஓடியது நான் மட்டுமில்லை. அதனால் என் பாரம் குறைந்ததா? குறையவில்லை. அவன் வேறு ஊரிலிருந்து என் அழுகையைத் தாங்க முடியாமல் ஓடினான். நான் ஓடியது அவன் பேச வருவதைக் கண்டு. இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் பெஞ்சில் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மே 17, ஞாயிறு

இந்த வாரம் முழுக்கக் கிழவரோடு ஆஸ்பத்திரியில். நாற்காலியிலேயே தூங்கி முதுகு பிளந்துவிட்டது. இன்றைக்கு லீவு கிடைத்ததே பெரிது.

இயந்திரப் பெண் மிச்ச நிமிடங்களைச் சொன்னாள். இப்போதெல்லாம் காதில் வைத்தே கேட்கிறேன். நிறைய இருந்தது. ரியா மே பச்சைப் பாவாடை விஷயம் பேசினாள். பிறகு டெல்ஃபின். பக்கத்து வீட்டு ஆடு, டீச்சர் அக்கா, ஏதோ ஒரு கதை, பாதி வந்திருந்தது. எனக்குக் கண் சொருகியது. அவன் சொல்வது காதில் விழுந்தும் விழாமலும் போயிற்று.

'கார்டு' என்று ஆரம்பித்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"டெல்ஃபின், கார்டு நெறைய இருக்கு. எனக்குத்தான் முடியல. ரொம்ப அசதியா இருக்கு."

"சரி. போய்ப் படு. ஆடு எங்கயும் போகாது."

வைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அதை அவன் ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னான்.