கன்னத்தால் அழுத்தும் பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை பார்க்கும் குழந்தைகள் பயிற்சி நிலையத்தில் நேற்று ஒரு வேடிக்கை. கை அசையாத இரண்டு வயதுப் பொடியனின் கன்னத்தருகே, குரல் பதிந்த பொத்தான் ஒன்றைப் பொருத்தினேன். அவன் தலை சாய்ந்து கன்னம் அதில் பட்டதும், "அம்மா, இங்க வா!" என்றது. அவன் அம்மா ஓடி வந்தாள். அவன் சற்று யோசித்து, மறுபடி அழுத்தினான். அவளுக்கு மூச்சு வாங்கும்வரை விடவில்லை.

"டேய் வாலு, என்னை ஓடவிட்டா வேடிக்கை பார்க்கிறே?" என்று சிரித்தபடியே அழுதாள்.

தம்பி மகளுக்கும் கை அசையாதே. வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட தம்பியோடு எனக்குப் பேச்சில்லை; ஆனால், "அதுக்கு என்ன புரியும்?" என்று அவன் சொன்னது சரிதானா என்று தெரிந்தாக வேண்டும். அவள் எந்தப் பக்கம் தானாகத் தலை திருப்புகிறாள் என்று பார்த்து எழுதுங்கள். அப்படி ஒரு பொத்தான் செய்து அனுப்புகிறேன். அது என்ன பேச வேண்டும் என்பதை அவளுடைய அம்மா முடிவு செய்யட்டும். "பெரியப்பா" என்றாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மூத்தவன்